ஐந்து மாதக் கையெழுத்து

என் தங்கை எழுதுவதுபோல 'ண' எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. மற்ற எழுத்துகள் சீக்கிரம் வந்துவிட்டன. அவளுடைய 'ண'வில் கடைசிச் சுழி பாதியிலேயே நின்றுவிடும், ஏதோ அவசர வேலையாக எழுந்து போனதுபோல. அந்த அவசரம் என் கைக்கு வரவில்லை. பழைய நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். நான்காம் நாள் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் சரி.

அவளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. எனக்கும் அவளுக்கும் பதிமூன்று வருட இடைவெளி. அப்பா அவளை எறும்பு என்று கூப்பிடுவார். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். எழுத்தும் எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் சாலையில். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி வேலை. வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். புட்டிகளில் வரும் தண்ணீரைச் சோதித்து, அளவுகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான்கு மணிக்கு முடிந்துவிடும். அதனால் எறும்பின் சாயங்காலங்கள் என் பொறுப்பு.

எங்கள் பரிசோதனைக் கூடத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'எடுக்காத அளவை எழுதாதே.' போன வருடம் ஒருவர், கருவியைத் தொடாமலே முந்தின நாள் எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொண்டிருந்தது தெரிந்து வேலை போயிற்று. அவருக்காக யாரும் பரிந்து பேசவில்லை. நானும்தான்.

எறும்பின் பள்ளியில் எழுத்து வேலை முழுவதும் வீட்டுக்குத்தான் வரும். வகுப்பில் டீச்சர் பாடம் நடத்துவார், கேள்வி கேட்பார், பிள்ளைகள் வாயால் பதில் சொல்வார்கள். அதையே வீட்டுப்பாட நோட்டில் எழுதி, வீட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். டீச்சர் அந்த நோட்டை மட்டும்தான் திருத்துவார்.

காலாண்டுத் தேர்வில் எறும்புக்கு மதிப்பெண் சரிந்தது. மதிப்பெண் அட்டையில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பதில் தெரிகிறது. எழுத்தில் கவனம் இல்லை. தினமும் கூடுதலாக இரண்டு பக்கம் எழுதி வரவும்.'

அதிலிருந்துதான் சாயங்காலங்கள் நீண்டன. ஐந்தரைக்கு உட்காருவாள். ஏழரைக்கும் பாதிதான் ஆகியிருக்கும்.

"அக்கா, கை வலிக்குது."

"இன்னும் ரெண்டு பக்கம்தானே. நிமிர்ந்து உட்காரு. ஏன் கழுத்தை அப்படி ஒடிச்சுக்கறே, கோழி பார்க்கற மாதிரி?"

"இப்படி உட்கார்ந்தாதான் எழுத வருது."

"எழுதற லட்சணமும் பாரு. பாதிக் கோட்டுலயே அடுத்த வரிக்குப் போயிடறே. பேப்பர் என்ன மரத்துல காய்க்குதா?"

"மரத்துலேருந்துதான் பேப்பர் வருது. நீதான் சொன்னே."

வாய்க்கு மட்டும் வலி கிடையாது. ஆனால் எட்டு மணிக்குமேல் அந்த வாயும் நின்றுவிடும். நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். எழுத்தில் ஈரம் பட்டு மை பரவும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

எனக்கு எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் உண்டு. ஒரு வாரம் நேரம் குறித்தேன். சராசரி மூன்று மணி. பத்து வயதுப் பிள்ளைக்கு, ஆறு மணி நேரப் பள்ளிக்குப் பிறகு, மூன்று மணி. டீச்சர்மேல் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பேச வராது, எழுதத்தான் வரும். ஒரு கடிதம் எழுதினேன். 'வணக்கம். என் தங்கைக்கு வீட்டுப்பாடம் முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. தயவுசெய்து குறைக்க முடியுமா?' மூன்றே வரி. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் அரை மணி அனுமதி வாங்கிப் பள்ளி வாசலுக்குப் போனேன்.

டீச்சர் வாசலில்தான் நின்றிருந்தார். வேறு ஒரு பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சத்தமாகப் பேசினாள். டீச்சரும் சத்தமாகப் பேசினார். நான் மதில் ஓரமாக நின்றேன். பேச்சு முடிந்து டீச்சர் என் பக்கம் திரும்பி, "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்தேன்," என்றேன்.

கடிதம் பையிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் எறும்பின் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "டீச்சர் கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடிக்க மாட்டாங்க. மூணு நாள் டைம் குடு."

அந்த மூன்று நாள் கதையைத்தான் முதலில் சொன்னேன்.

அதன்பின் வந்த சாயங்காலங்கள் மிக நன்றாக இருந்தன. மேசைக்கு இந்தப் பக்கம் நான் எழுதுவேன். அவள் கட்டிலில் மல்லாந்து, காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பதில் சொல்வாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.

"தாவரம் தன் உணவைத் தானே தயாரிக்கும். எழுதிட்டியா?"

"ம்."

"அதனால சமைக்கத் தெரியாத அக்காவைவிடத் தாவரம் எவ்வளவோ மேல். இதையும் எழுது."

"எழுதிட்டேன். 'வாயாடித் தங்கையைவிடவும்'னு சேர்த்துட்டேன்."

"ஐயோ, நிஜமாவா? காட்டு!"

எழுந்து ஓடி வருவாள். வரும்போது வலது இடுப்பு மேசை முனையில் இடிக்கும். "ஸ்" என்பாள். நான் சிரிப்பேன். அந்த முனையில் அவள் எத்தனை தடவை இடித்துக்கொண்டாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவாள். கதவு நிலையில் தோள் படும். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பாள் அம்மா, துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே. அந்த வசை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. நானும் சின்ன வயதில் வாங்கியதுதான்.

வீட்டுப்பாடம் முக்கால் மணியில் முடிந்தது. அம்மா வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டுவேன். அவள் இஸ்திரிச் சூட்டில் சிவந்த கையால், நின்றபடியே கையெழுத்துப் போடுவாள்.

ஒரு மாதத்தில் டீச்சர் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். அடுத்த மாதம் 'மிக நன்று' என்று எழுதி, ஒரு பொன்னிற நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். எறும்பு அதை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து எடுத்து என் வேலைச் சட்டைப் பையின் உள்பக்கம் ஒட்டினாள்.

"இது உன்னோடது," என்றாள். "நான் பொய் சொல்றவ இல்ல."

நான் அதை எடுக்கவில்லை. ஐந்து மாதம் ஓடிப்போயிற்று.

ஆண்டுத் தேர்வில் கேள்விகள் இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தன. எறும்பு இடது பத்திக்கு மட்டும் பதில் எழுதினாள். வலது பத்தியை முழுக்க விட்டுவிட்டாள். எழுதியதும் வரிமேல் வரி ஏறிக் கிடந்தது. டீச்சர் கூப்பிட்டு, "ஏன் இந்தப் பக்கம் எழுதலை?" என்று கேட்டிருக்கிறார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறாள் எறும்பு. டீச்சருக்குக் கோபம் வந்து, வெளியே போய் நிற்கச் சொல்லியிருக்கிறார். அவள் நேராகப் போய், பாதி திறந்திருந்த கதவின் விளிம்பில் முகத்தை மோதிக்கொண்டாள். அன்று மதியம் அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது.

கண் மருத்துவமனையில் இரண்டு நாள் சோதனைகள் செய்தார்கள். டாக்டர் அம்மாவைவிட மூத்த பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கும்மா. அது பின்னால இருக்கற நரம்பை நசுக்கும். வலி இருக்காது. ஓரத்துலேருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும், அதனால பிள்ளைக்கே தெரியாது. வலது கண்ணுல இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. இடது கண்ணுல நடுவுல கொஞ்சம் இருக்கு, ஒரு குழாய் வழியா பார்க்கற மாதிரி. போனது திரும்பாது. ஆபரேஷன் பண்ணினா இருக்கறதைக் காப்பாத்தலாம். நாளை மறுநாள் வச்சிருக்கேன். தள்ளிப்போட முடியாது, ஒவ்வொரு நாளும் நரம்பு போயிட்டே இருக்கு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இது எப்போ ஆரம்பிச்சதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும். வீட்டுல யாரும் கவனிக்கலையா? சரி, தேதி போட்டு எழுதின ஸ்கூல் நோட்டு இருந்தா கொண்டு வாங்க. எழுத்துல தெரியும்."

நோட்டுகள் திருத்துவதற்காக டீச்சரிடம் இருந்தன. மறுநாள் காலை டீச்சரே அவற்றைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். தூக்கமில்லாத முகம். அருகில் பார்த்தபோது என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார் என்று தோன்றியது.

டாக்டரின் அறை சின்னது. டாக்டர் மேசைக்குப் பின்னால். அம்மாவும் டீச்சரும் முன்னால் இரண்டு நாற்காலியில். சுவர் ஓரத்துப் பெஞ்சில் நானும் எறும்பும். டாக்டர் கடைசி நோட்டை விரித்து, பின்னாலிருந்து முன்னாகப் புரட்டினார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"எழுத்து நேரா இருக்கே. வலது ஓரம் வரைக்கும் சரியா போகுது. கடைசி வீட்டுப்பாடம் மூணு வாரம் முன்னால. அது வரைக்கும் இப்படித்தான்."

"ஆமா டாக்டர்," என்றார் டீச்சர். "இந்த டேர்ம் ரொம்ப நல்லா எழுதினா. நானே ஸ்டார் குடுத்தேன். அதான் எனக்குப் புரியலை."

டாக்டர் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் நெனச்சது தப்பு. மூணு வாரத்துல அழுத்தத்தால மட்டும் இவ்வளவு போகாது. தலைக்குள்ள ஏதாவது வளர்ந்து நரம்பை அமுக்குதான்னு பார்க்கணும். பார்க்காம கண்ணுல கை வைக்க மாட்டேன். மயக்க மருந்து குடுத்து ஸ்கேன் எடுக்கணும், முதுகுத்தண்டுல நீர் எடுக்கணும். பத்து நாளாவது ஆகும். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"தலைக்குள்ளயா?" என்றாள் அம்மா. அவள் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

எறும்பின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. நகம் பதிந்தது. என் காதருகே வந்து, "சொல்லாதே அக்கா," என்றாள். "உன்னைத் திட்டுவாங்க."

பத்து நாள். நாளொன்றுக்கு எவ்வளவு நரம்பு போகும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு அளவு எடுக்கும் கருவி எங்கள் கூடத்தில் இல்லை. பள்ளி வாசலில் மதில் ஓரம் நின்றதுபோலவே இங்கும் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

"அது அவ எழுதினது இல்ல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"டாக்டர். அந்த நோட்டு அவ எழுதினது இல்ல. நான் எழுதினது."

"என்னது?" டீச்சர் திரும்பினார்.

"இல்ல!" எறும்பு பெஞ்சிலிருந்து குதித்தாள். "நான்தான் எழுதினேன். அக்கா சும்மா சொல்றா. நான்தான் டீச்சர், சத்தியமா நான்தான்." டீச்சர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாமல், காலி மூலையைப் பார்த்துச் சொன்னாள்.

நான் மேசையருகே போய் டாக்டரின் பேனாவை எடுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டின் கீழே எழுதினேன்: தாவரம் தன் உணவைத் தானே தயாரிக்கும். 'உணவை'யில் அந்த ண, கடைசிச் சுழி பாதியில் நிற்க. ஐந்து மாதப் பழக்கம்.

டாக்டர் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீச்சரும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"எந்தத் தேதியிலேருந்து?" என்றார் டாக்டர். திட்டவில்லை. அதுவே தாங்க முடியாமல் இருந்தது.

நோட்டுக் கட்டைப் பிரித்து முதல் நோட்டை எடுத்து, நான் தொடங்கிய பக்கத்தைக் காட்டினேன். அவர் அதற்கு முன்பக்கங்களைத் திருப்பினார். எறும்பே எழுதிய பக்கங்கள். அந்த நோட்டின் தொடக்கத்தில் வரிகள் வலது ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு நின்றன. பிறகு இரண்டு விரற்கடை. பிறகு மூன்று. நான் நோட்டை வாங்கிக்கொண்ட நாளுக்கு முந்தின பக்கத்தில் எல்லா வரியும் பாதித் தாளிலேயே திரும்பிவிட்டன. வலது பாதி வெள்ளையாகக் கிடந்தது. அதனால்தான் இரண்டு பக்கம் நான்கு பக்கமாயிற்று. அதனால்தான் மூன்று மணி நேரம். அந்தப் பக்கங்களை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், 'ண' கற்றுக்கொள்ள.

டாக்டர் சீட்டில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"ஏழெட்டு மாசம். அப்போ சரியா வருது. தலையில ஒண்ணும் இருக்காதும்மா, பயப்படாதீங்க. நாளைக்கே ஆபரேஷன்." என்னைப் பார்த்தார். "இப்பவாவது சொன்னியே."

"அஞ்சு மாசம் முன்னால வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "வலது கண்ணு பாதியாவது இருந்திருக்கும்."

வெளியே தாழ்வாரத்தில் அம்மா குழாயடியில் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போனபோது குழாயை மூடாமலே சொன்னாள்: "தினம் நானும் கையெழுத்துப் போட்டேனே. ஒரு நாளாவது மேல என்ன இருக்குன்னு பார்த்தேனா?" அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று பல நாள் காத்திருந்தேன்.

டீச்சர் சன்னல் ஓரம் நின்றிருந்தார். நான் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகள் நைந்து கிழியத் தொடங்கியிருந்தன. அவர் அந்த மூன்று வரியையும் நெடுநேரம் படித்தார்.

"மூணு மணி நேரமா?"

"ஆமா டீச்சர். ரொம்ப அதிகம்னு நெனச்சேன். அதான்..."

"மத்த பிள்ளைங்களுக்கு முக்கால் மணிதான் ஆகும்," என்றார். "மெதுவா எழுதறவங்களுக்கு, அந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்து, ஒரு மணி."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஒரு அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் மூன்று மணியை அளந்திருந்தேன். அதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள்கூடச் செய்யாத தவறு அது.

"இதை அன்னைக்கே குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு மணின்னு படிச்ச உடனே தெரிஞ்சிருக்கும்." அவர் கடிதத்தை மறுபடி நாலாக மடித்தார். "ஏன் குடுக்கல?"

"பயமா இருந்தது."

"என்னைப் பார்த்தா?" என்றார். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரெண்டு பக்கம் கூட்டிக் குடுத்தது நான்தான். கை பழகலைன்னு நெனச்சேன். கிளாஸ்லயே ஒரு பக்கம் என் கண்ணு முன்னால எழுத வச்சிருந்தா..." முடிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. இருந்தது நின்றது. அவ்வளவுதான் நடக்கும் என்று டாக்டர் சொன்னார், அவ்வளவுதான் நடந்தது.

விடுமுறை கழிந்து எறும்பு அதே பள்ளிக்குத்தான் போகிறாள். ஆறாம் வகுப்புக்கும் அந்த டீச்சரே வந்தார், கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. இப்போது வகுப்பில்தான் எழுத்து வேலை. வீட்டுக்கு ஐந்து வரி மட்டும் வருகிறது. எறும்புக்கென்று கறுப்பு மையில் தடித்த கோடு போட்ட தனித் தாள். எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் கீழே ஒரு கட்டம் இருக்கிறது: 'எடுத்துக்கொண்ட நேரம்.' அதை வீட்டில் இருப்பவர்கள் நிரப்ப வேண்டும்.

நேற்றும் உட்கார்ந்தோம். மேசை முனையில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். எறும்பு தாளின் இடது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, அங்கே பேனாவை வைத்தாள். எழுத்துகள் இப்போது பெரியவை. எறும்பு என்று சொல்ல முடியாது. 'ண'வின் சுழியை முழுதாகச் சுற்றி முடிக்கிறாள். அவசரம் போய்விட்டது.

"அக்கா."

"ம்."

"கையை எங்க வச்சிருக்கே?"

"மடியில."

"அங்கயே இருக்கட்டும்."

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நாலாவது வரி கொஞ்சம் மேலேறியது. ஐந்தாவது வரி நேராகப் போயிற்று. தாளின் ஓரத்தைத் தாண்டியதும் நிற்காமல் போயிற்று. கடைசி இரண்டு சொற்களை அவள் மேசைப் பலகையில் எழுதினாள். எழுதி, ஒரு புள்ளியும் வைத்துவிட்டு, பேனாவை மூடினாள்.

"முடிஞ்சுது. நேரம் எவ்வளவு?"

கட்டத்தில் எழுதினேன், என் சொந்தக் கையெழுத்தில்: ஐம்பத்திரண்டு நிமிடம்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

தாளில் ஐந்தாவது வரி அந்தரத்தில் நின்றிருந்தது. மிச்சம் மேசையில் இருந்தது, மை இன்னும் காயாமல்.

"ரெண்டு சொல் மேசையில இருக்கு," என்றேன்.

அவள் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ அதையும் கீழ எழுது," என்றாள். "டீச்சர்கிட்ட எதையும் விடாம சொல்லணும்னு நீதானே சொன்னே."

எழுதினேன். அம்மா வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்து வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேசையைத் துடைக்கத் துணி எடுத்தவள், துடைக்காமல் வைத்துவிட்டாள்.